கிளேரின் முகம் எங்களிடம் இருந்த காலம்

சென்ற மாதம் கறிவேப்பிலை வாங்குவதற்காகப் பாரிஸின் லா ஷப்பெல் மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே நடந்து ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவுக்குள் திரும்பினேன். அங்கே ஒரு நகைக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் புதிதாகப் பெரிய திரை ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண் அட்டியலைக் கழுத்தில் போட்டுக் காட்டி, தீபாவளித் தள்ளுபடியைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். நான் நின்றுவிட்டேன். அவள் தலையைத் திருப்பும்போது காதுக்குக் கீழே இழுபட வேண்டிய தசை இழுபடவில்லை. கழுத்து குழாயைப் போலத் திரும்பியது. அட்டியல் மட்டும் மிக நன்றாக மின்னியது.

கடைக்காரர் வெளியே வந்தார். பழக்கமானவர்தான்.

"என்ன அன்ரி, வெளியிலை நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோவன்."

"இந்தப் பொண்ணு யாருங்க தம்பி?"

"அது ஆளில்லை அன்ரி. கொம்பியூட்டர் செய்தது. ரெண்டு வசனம் எழுதிக் குடுத்தம், ஆளையே செய்து தந்திட்டுது. வடிவா இருக்கிறாள், என்ன?"

"முகம் யாரோடது?"

"ஒருத்தரின்ரையும் இல்லை. அதுதானே வசதி!" என்று சிரித்தார்.

கறிவேப்பிலை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று முழுவதும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். என் கணவர் யோகன் யாழ்ப்பாணத்துக்காரர். பாதி வாழ்க்கையை உணவகச் சமையலறைகளில் கழித்தவர். அவர் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "என்ன, வீட்டுக்குள்ளை சுத்தித் திரியிறீர்? இரும் கொஞ்சம்" என்றார். இருந்தேன். திரும்ப எழுந்தேன்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. வேலைக்காலம் முழுவதும் அறிவியல் புனைகதைப் படங்களுக்குக் கணினியில் உருவங்கள் செய்தவள். விண்கலம், வேற்றுக்கிரகத்துக் கடல், உருகும் மனிதர்கள், இப்படி. இப்போது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எப்போதாவது கூப்பிட்டு, "அந்தக் காலத்தில் எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். இயந்திரங்கள் எவ்வளவு மெதுவாக இருந்தன என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு வந்துவிடுவேன். கிளேரைப் பற்றிச் சொன்னதில்லை. 'ஒருத்தரின்ரையும் இல்லை' என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் புதுச்சேரியில் பிறந்தவள். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். நான் சிறுமியாக இருக்கும்போதே குடும்பத்தோடு பாரிஸுக்கு வந்துவிட்டோம். கொன்கூர் என்று சொல்லும் போட்டித் தேர்வை எழுதி நான் தபால் நிலையத்திலோ நகராட்சியிலோ உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நானோ பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு, ஒபர்வில்லியே புறநகரில் துணி மொத்த வியாபாரக் கிடங்குகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவில் போய்ச் சேர்ந்தேன்.

"அங்க என்னம்மா வேலை?" என்றார் அப்பா.

"கம்ப்யூட்டர்ல படம் போடுறதுப்பா."

"படம் போடுறதுக்கா கணக்குப் படிச்சே?"

அதற்குப் பிறகு அவர் சொந்தக்காரர்களிடம் நான் வங்கியில் வேலை செய்வதாகச் சொல்ல ஆரம்பித்தார். முதல் சில வருடங்கள் தொலைக்காட்சிகளுக்கு ஒளிரும் எழுத்துகளைச் சுழல விட்டதில் போயின. அதில் நினைத்துப் பார்க்க ஒன்றுமில்லை.

வேலை எப்படி நடந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு தலையைக் கணினிக்குள் கொண்டுபோக வேண்டுமென்றால், முதலில் அதன் பிளாஸ்டர் அச்சு மேசைக்கு வரும். அதன்மேல் பென்சிலால் மீன்வலை போலக் கோடுகள் போடுவேன். கண்ணோரத்திலும் வாயோரத்திலும் நெருக்கமாக, நெற்றியில் தளர்வாக. கோடுகள் வெட்டும் ஒவ்வொரு இடத்தையும், கம்பியால் இயந்திரத்தோடு இணைத்த ஒரு பேனாவால் தொட வேண்டும். தொட்டதும் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை இயந்திரம் மூன்று எண்களாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் உலோகம் இருந்தால் பேனா தடுமாறிவிடும். அதனால் வளையல், சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். மேசையிலும் ஆணி கிடையாது, வெறும் பசையால் ஒட்டிய மரம்.

புள்ளிகளை இணைத்தால் கம்பியால் பின்னியது போல ஒரு தலை திரையில் சுழலும். அதற்குத் தோலும் நிறமும் வெளிச்சமும் கொடுத்துவிட்டு, இயந்திரத்தைக் கணக்குப் போட விடுவோம். ஸ்டூடியோவில் அதற்குப் பெயரே கல்குல், பிரெஞ்சில் கணக்கு, என்பதுதான். கணக்குப் போடும் இயந்திரங்கள் இருந்த அறை குளிர்ந்து கிடக்கும். கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவேன். ஒரே ஒரு சட்டகம், அதாவது ஃபிலிமில் ஒரே ஒரு படம், முடிவதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்து, காப்பியும் குடித்துவிட்டு, அலுத்தும் போகலாம். முடிந்த சட்டகங்களை இருட்டுப் பெட்டிக்குள் ஒரு சின்னத் திரையில் காட்டி, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முறை ஃபிலிமில் பதிப்போம். ஃபிலிம் கழுவப் போகும். சில நாள் கழித்து இருட்டறையில் போட்டுப் பார்க்கும்போதுதான் தப்பு எங்கே என்று தெரியும். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஒருநாளும் ஏங்கியதில்லை.

எங்கள் தலைவி மிரேய். முன்பு படத்தொகுப்பாளராகக் கத்திரிக்கோலோடு வேலை பார்த்தவர். எல்லோரும் ஒருவரையொருவர் நீ, வா, போ என்று பேசுகிற ஸ்டூடியோவில் அவர் மட்டும் காப்பி கொண்டுவருபவரைக்கூட 'வூ' போட்டு, நீங்கள் என்றுதான் பேசுவார். வேலையைப் பார்க்கும் விதமும் தனி. திரைக்கு முதுகைக் காட்டி நிற்பார். "போடுங்கள்" என்பார். படம் ஓடத் தொடங்கியதும் சட்டென்று திரும்பி ஒரே ஒருமுறை பார்ப்பார். மறுபடியும் முதுகு. "தியேட்டரில் இருப்பவர் ஒருமுறைதான் பார்ப்பார். நான் ஏன் இரண்டு முறை பார்க்க வேண்டும்?" பிறகு பெரும்பாலும் வருவது ஒரே சொல்: "மறுபடி." எது தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

படத்தயாரிப்பாளர்களிடம் அவர் 'முடியாது' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. சூரியனை உருக்கிக் குளிக்க வேண்டும் என்று ஓர் இயக்குநர் கேட்டால்கூட, "பார்க்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் எங்களுக்கு வேலை வந்துகொண்டிருந்தது.

முதல் விண்கலத்தை முடித்தபோது அவர் 'மறுபடி' என்பதற்குப் பதிலாக, "கழுவிக் கவிழ்த்த பாத்திரம்" என்றார். உண்மைதான். கணினியில் செய்தது எல்லாம் அப்போது பளபளவென்றுதான் இருக்கும். எப்படி அழுக்காக்குவது என்று யாருக்கும் தெரியாது. நான் லா ஷப்பெலில்தான் குடியிருந்தேன். மெத்ரோ இங்கே தரைக்கு மேலே, இரும்புத் தூண்கள் தாங்கும் பாலத்தில் ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகனையும் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தூண்களைப் படம் பிடித்தேன். ஆணிக்குக் கீழே வழிந்த துரு, புறா எச்சம், பெயிண்டுக்கு மேல் பெயிண்ட், கிழிந்த போஸ்டர்களின் பசை. அந்த வழியாகப் போன ஒருவர் நின்று யோகனைக் கேட்டார்:

"என்ன அண்ணை, பாலம் விழப்போகுதோ?"

"இல்லை. வானத்துக்குப் போகப்போகுது" என்றார் யோகன்.

அந்த அழுக்கைத்தான் விண்கலத்தின் மேல் போர்த்தினேன். படம் வெளிவந்தபோது, கலம் திரையை நிறைத்துக்கொண்டு கடந்து போன நேரத்தில், அமைதியான தியேட்டரில் யோகன் கத்திவிட்டார்: "அமலா, அது எங்கடை பாலம்!" முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கு அடுத்த படத்தில்தான் கிளேர் வந்தாள்.

தூரத்துக் கிரகம் ஒன்றிலிருந்து திரும்பும் விண்கல ஓட்டுநராக அவள் நடித்தாள். அங்கே தொற்றிய ஏதோ ஒன்றினால் அவள் உடல் மெல்ல மெல்லக் கண்ணாடியாக மாறும். ஒரு காட்சியில், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் ஊடுருவித் தெரிய ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் அவள் முகத்தை எங்களுக்குத் தர ஒப்புக்கொண்டிருந்தாள்.

பிளாஸ்டர் அச்சு மட்டும் போதவில்லை. அது அசையாது. அதனால் அவள் முகத்திலேயே ஒப்பனைப் பென்சிலால் நான் கோடுகள் போட்டேன். பக்கத்தில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முன்முகமும் பக்கவாட்டும் ஒரே சட்டகத்தில் விழும்படி படம் எடுத்தோம். ஒவ்வொரு உயிரெழுத்தாக, மிக மெதுவாகச் சொல்ல வைத்தோம். பிறகு சிரிப்பு, கோபம், வெறுப்பு, கொட்டாவி. பல நாட்கள் அவள் மூச்சு என் கையில் படும் தூரத்தில் இருந்தேன். ஒருவர் முகத்தை அத்தனை நேரம் அத்தனை பக்கத்தில் பார்த்தது, பிற்பாடு என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோதுதான்.

"இதெல்லாம் இயந்திரத்துக்குள் போய் என்ன ஆகும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எண்களாக இருக்கும்."

"என்னைவிட நல்ல பிள்ளையாக இருக்கும் என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்கும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் படம் எடுத்துக்கொண்டோம்.

கண்ணாடி முகம் நன்றாக வந்தது. மிரேய் திரும்பினார், பார்த்தார், மறுபடி என்று சொல்லவில்லை. சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டார். அதுதான் எங்களுக்குப் பாராட்டு.

சில வாரம் கழித்து இயக்குநர் ஸ்டூடியோவுக்கு வந்தார். தாடியைச் சொறிந்துகொண்டே நின்றார். படத்தின் முடிவில் அவள் ஆடையில்லாமல் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் மிதந்து, மூச்சுத் திணறி, முழுக்கக் கண்ணாடியாகிவிடும் காட்சி இருந்தது. அதன் ஒத்திகையில் கிளேர் தண்ணீருக்கு அடியில் அதிக நேரம் இருக்க நேர்ந்துவிட்டது. வெளியே வந்தவள் துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மற்ற எல்லாக் காட்சிகளையும் முடித்துத் தருகிறேன், தொட்டிக்குள் மட்டும் இறங்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினாள்.

"உடலுக்கு வேறொரு பெண்ணைப் பிடித்துவிட்டேன். முகம்தான் வேண்டும்" என்றார் இயக்குநர்.

"கிளேர்தான் மாட்டேன் என்கிறாரே" என்றேன் நான்.

அவர் கணினிகள் இருந்த குளிரறையின் கதவைக் கைகாட்டினார். "அவள்தான் இங்கே இருக்கிறாளே!"

மிரேய் வழக்கம்போல, "பார்க்கலாம்" என்றார்.

சோதனை வேலை எனக்கு வந்தது. மூச்சுத் திணறும் முகம் எங்களிடம் இல்லை. அவள் அதைச் செய்து காட்டியதே இல்லை. இருப்பதைக் கொண்டு செய்தேன். 'ஓ' என்ற உயிரெழுத்தின் வாயை எடுத்தேன். கோபத்தின் புருவத்தை எடுத்துத் தலைகீழாக இழுத்தேன். கொட்டாவியின் தொண்டையைச் சேர்த்தேன். முதலில் பொம்மையாக இருந்தது. சில நாள் மல்லுக்கட்டிய பிறகு ஒரு காலையில் திரையில் ஒரு பெண் தண்ணீருக்குள் அலறினாள். சத்தமில்லாமல், வாயை அகலத் திறந்து. வேலை பலித்துவிட்டது என்ற சந்தோஷமும், உடனே எழுந்து வெளியே ஓட வேண்டும் என்ற தவிப்பும் ஒன்றாக வந்தன.

மிரேய் முதுகைக் காட்டி நின்றார். "போடுங்கள்." திரும்பினார். பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவை போடுங்கள்" என்றார். அவர் இரண்டாம் முறை பார்த்தது அன்றுதான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"இது எங்கிருந்து வந்தது, அமலா?"

சொன்னேன். வாய் எது, புருவம் எது, தொண்டை எது என்று.

"அவர் இப்படி எப்போதாவது செய்தாரா?"

"இல்லை. அவரைக் கேட்காமல் இதை என்னால் முடிக்க முடியாது, மிரேய்." அந்தப் படம் கைவிட்டுப் போனால் ஸ்டூடியோ நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கேட்டு, அவர் வேண்டாம் என்றுவிட்டால் கேட்காதது போல இருக்க முடியாது. அது தெரிகிறதா உங்களுக்கு?"

"தெரிகிறது."

"நாளைக்குச் சொல்கிறேன்."

அன்று வீட்டில் நான் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யோகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அந்தப் பிள்ளை மாட்டனெண்டு சொன்னா மாட்டன்தானே. இதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

"ஸ்டூடியோவ மூடிட்டா என்னங்க பண்றது?"

"மூடினா மூடட்டும். எங்கடை கிச்சினுக்கு ஆள் தேடினம்."

"நான் போய் வெங்காயம் உரிக்கவா?"

"ஓம். எல்லாத் துண்டும் ஒரே அளவிலை வரும்."

சிரித்தேன். ஆனாலும் நிம்மதி வரவில்லை. மறுநாள் நான் போகும்போதே மிரேய் தொலைபேசியில் கிளேரோடு பேசிக்கொண்டிருந்தார்.

அன்றே வந்த கிளேர் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் நின்றாள். அந்த அலறலை மூன்று நான்கு முறை போடச் சொல்லிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நன்றாக இருக்கிறது. ஆனால் இது நான் இல்லை" என்றாள். "பயம் வந்தால் எனக்கு வாய் மூடிக்கொள்ளும். அன்றைக்குத் தொட்டியிலும் மூடிக்கொண்டது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. நன்றாக நடிக்கிறேன் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

அவள் அப்போதுதான் கோட்டைக் கழற்றினாள்.

"அந்தக் காட்சிக்கு முகம் போதும். உடல் வேண்டாம், வேறு யாருடைய உடலும் வேண்டாம். அதற்குச் சம்மதம் என்றால் நானே செய்து தருகிறேன். தொட்டியில் இல்லை, இங்கே. ஒரே ஒருமுறை. இவர் என் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்று என்னைக் காட்டினாள். "படம் முடிந்த பிறகு, உங்களிடம் இருக்கும் என்னை முழுக்க அழித்துவிட வேண்டும். நான் பார்க்க."

மிரேய் அங்கேயே தொலைபேசியை எடுத்தார். இயக்குநரிடம் அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அவர் இல்லாமல் எங்களால் முடியாது."

மறுமுனையில் கத்தியது எங்களுக்கே கேட்டது. அன்று மாலைக்குள் இயக்குநரே வந்துவிட்டார். சோதனையைக் காட்டு என்றார். காட்டுவதற்கு ஒன்றுமில்லை, வரவில்லை என்றார் மிரேய். இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் முதல்முறையாகத் தன்னால் ஒன்று முடியவில்லை என்று, முடிந்த வேலையைப் பின்னால் வைத்துக்கொண்டு மிரேய் சொன்னார். அது அவருக்கு எவ்வளவு கனத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசியில், வேறு வழியில்லாமல், முகம் மட்டும் என்பதற்கு இயக்குநர் சம்மதித்தார்.

ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தோம். கீழேயிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கேமராக்கள். கிளேர் முகத்தில் கோடுகள் போட்டு முடித்தேன். அவள் என் இடது கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "நான் மேசையைத் தட்டினால் இழுத்துவிடுங்கள். தட்டாவிட்டாலும், வேண்டும் என்று தோன்றினால் இழுத்துவிடுங்கள்." முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

என் கை தெரிந்துகொண்டதை நான் எப்படிச் சொல்வேன்? முதலில் தோள் தளர்ந்திருந்தது. பிறகு மெல்ல இறுகியது. அப்புறம் ஒரு சின்ன நடுக்கம், குளிரில் பறவைக்கு வருவது போல. அவள் தட்டவில்லை. நான் இழுத்துவிட்டேன்.

அவள் இருமி, மூச்சு வாங்கி, துண்டுக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். தண்ணீரில் கோடுகள் கரைந்து ஓடியிருந்தன என்பதைக் கழுவி வந்த ஃபிலிமில்தான் பார்த்தோம். பாதிக்கு மேல் புள்ளியும் இல்லை, வலையும் இல்லை, கலங்கிய சாம்பல் முகம் ஒன்றுதான். ஒரே ஒருமுறை என்று சொல்லியிருந்தாள். மறுமுறை கேட்கலாமா என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு சட்டகமாக, இருந்த கோடுகளை வைத்து இல்லாத கோடுகளைக் கண்ணால் பிடித்தேன். கன்னம் எங்கே ஏறுகிறது, உதடு எங்கே இறுகுகிறது, மூக்கின் ஓரம் எப்போது விரிகிறது. ஒரு புள்ளி தவறினாலும் ஓடவிடும்போது முகம் துடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். தெருவில் நடக்கும்போதும், சமைக்கும்போதும் அந்த முகமே ஓடிக்கொண்டிருந்தது. மிரேய் நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, திரையை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார். சில நேரம் பென்சிலை நீட்டி ஓர் இடத்தைக் காட்டுவார். தப்பு அங்கேதான் இருக்கும்.

படத்தில் அந்தக் காட்சி இப்படி வந்தது: மூடிய வாயோடு ஒரு முகம். அதில் எதுவுமே நடக்காதது போல இருக்கும். பிறகு கண்களுக்குக் கீழே வெளிச்சம் ஊடுருவத் தொடங்கும். திணறுகிறாள் என்று நமக்குப் புரிவதற்குள் அவள் கண்ணாடியாகிவிடுவாள். முதல்முறை போட்டுப் பார்த்தபோது இயக்குநர் நன்றி சொல்லவில்லை. படத்திலிருந்து எடுக்கவும் இல்லை. படம் பெரிதாக ஓடவில்லை. எங்கள் ஸ்டூடியோ மேலும் சில காலம் தாக்குப்பிடித்தது, பிறகு மூடிவிட்டார்கள்.

அழித்த நாளைச் சொல்ல வேண்டும். கிளேர் வந்து என் பின்னால் நின்றாள். நான் ஒரு கட்டளையைத் தட்டினேன். திரையில் அடுத்த வரி வந்து கண்ணைச் சிமிட்டியது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையே! பிரதிகள் இருந்த நாடாக்களையும் காந்தத்தில் வைத்து அவள் கண்ணெதிரே அழித்தோம். வழக்கப்படி தயாரிப்பு அலுவலகத்துக்கு ஒரு பிரதி போயிருந்தது நினைவுக்கு வந்ததும், மிரேய் தானே காரை எடுத்துக்கொண்டு போய் அதையும் வாங்கி வந்தார். பிளாஸ்டர் அச்சைக் கிளேரே எடுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் அலுவலகத்தில் யாராவது இன்னொரு பிரதி எடுத்திருந்தால்? அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. பிறகு வேறு ஸ்டூடியோக்களில் வேலை பார்த்தேன், எத்தனையோ முகங்களைச் செய்தேன். இயந்திரங்கள் வேகமாகின, முகத்தை எடுப்பது கைதட்டும் நேரத்து வேலையாகிவிட்டது. ஆனாலும் எந்த அறிவியல் புனைகதைப் படத்தைப் பார்த்தாலும், கூட்டத்தில் நிற்கும் பெண்களில், முகமூடிக்குப் பின்னால், அவள் முகம் இருக்கிறதா என்று தேடுவேன். யோகன் கதையைப் பார்ப்பார். நான் கன்னங்களைப் பார்ப்பேன்.

இரண்டு வருடம் முன்பு கிளேர் என்னைக் கூப்பிட்டாள். இப்போது தூரத்தில் கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கும் மிரேயிடம் என் எண்ணை வாங்கியிருந்தாள். லா ஷப்பெல் மெத்ரோவுக்கு எதிரே ஒரு காப்பிக் கடையில் சந்தித்தோம். நான் அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரமானது. முடி நரைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். முகத்தின் இடது பாதி தொங்கிப்போயிருந்தது. நரம்பு வாதம். ஒருநாள் காலையில் எழுந்தபோது அப்படி இருந்ததாம். அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிகிச்சையாளர், பழைய அசைவுகள் எப்படி இருந்தன என்று தெரிந்தால் உதவும் என்று சொல்லியிருந்தார்.

"நீங்கள் நடித்த படங்கள் இருக்கின்றனவே" என்றேன்.

"படங்களில் நான் நடித்தேன். உங்களிடம் இருந்தது வெறும் முகம். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக."

"அழித்துவிட்டோம், கிளேர். நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள்."

"தெரியும்." காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஒருவேளை அன்றைக்கு என்னை ஏமாற்றியிருப்பீர்களோ என்ற ஆசையில் வந்தேன்."

அத்தனை வருடமும் ஒரு பிரதி எங்காவது இருந்துவிடுமோ என்று பயந்தவள் நான். அந்த நிமிடம், எங்காவது ஒன்று இருந்துவிடாதா என்று தவித்தேன். வீட்டுக்கு வந்து பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்டேன். யாரிடமும் இல்லை. மிரேயிடம் கேட்டேன். "நாம் சொன்னதைச் செய்தோம், அமலா. அது இன்றைக்கு வலிக்கிறது என்பதற்காக அன்றைக்குத் தப்பாகிவிடாது" என்றார். அவருக்கு அப்படி இருக்கலாம். எனக்கு இன்றும் இரண்டு பக்கமும் இழுக்கிறது.

கடைசியில் கிளேரே கேட்டாள்: "உனக்கு ஞாபகம் இருக்கிறதா?" அன்றுதான் அவள் என்னை நீ என்றது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவளோடு சிகிச்சைக்குப் போக ஆரம்பித்தேன். சிரிப்பு உதட்டில் தொடங்காது, கன்னத்தின் மேட்டில் தொடங்கும், உதடு பின்னால் வரும் என்று சிகிச்சையாளரிடம் சொன்னேன். 'ஈ' சொல்லும்போது இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் முன்னால் போகும் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். கிளேர் கண்ணாடியைப் பார்த்து முயன்றாள். வலது பக்கம் சொன்னபடி கேட்டது. இடது பக்கம் கேட்கவில்லை. மாதக்கணக்கில் அப்படியே போனது. சில நாள் அவள் கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டு, "போதும்" என்பாள்.

போன செவ்வாய்க்கிழமை சிகிச்சை முடிந்து வரும்போது பசிக்கிறது என்றாள். மூலையில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மட்டன் ரோல்ஸும் பால் தேநீரும் சொன்னேன். கடைக்காரப் பெண் தட்டை வைத்துவிட்டு என்னிடம், "அன்ரி, நல்ல உறைப்பு. அவவைப் பாத்துச் சாப்பிடச் சொல்லுங்கோ" என்றாள். நான் மொழிபெயர்ப்பதற்குள் கிளேர் பாதியைக் கடித்துவிட்டாள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண் நிறைந்து, கையால் வாய்க்கு விசிறி, எனக்கே கூச்சமாக இருக்கும்படி ஒரு வசைச்சொல்லைப் பிரெஞ்சில் சத்தமாகச் சொல்லிவிட்டு, சிரித்தாள். வலது கன்னம் ஏறியது. அதற்குப் பின்னால், தயங்கித் தயங்கி, இடது கன்னமும் கொஞ்சம் ஏறியது.

"என்ன அப்படிப் பார்க்கிறாய்?"

சொன்னால் அவள் அதைத் திரும்பச் செய்ய முயல்வாள். முயன்றால் போய்விடும்.

"ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம், இன்னும் எரியும். தேநீரைக் குடி" என்றேன். கடைக்காரப் பெண்ணிடம் கையைக் காட்டி இன்னொரு ரோல்ஸ் கொண்டுவரச் சொன்னேன்.